ரீயூனியன் எரிமலைப் பாதைகளில் ஓட, குமரியில் இருந்தபடியே தயாராவது எப்படி?

தோவாளை ஓட்டக்குழு:
அக்டோபர்ல எங்க குழுவுல நாலு பேர் இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்குப் போறோம். பந்தயம் இல்ல, நாங்களே பார்த்து ஓடுறது. திட்டத்துல மூணு பாதை இருக்கு. பா தெ பெல்கோம்பில இறங்கி ஃபூர்னேஸ் எரிமலையோட டொலொமியூ பள்ளம் வரை போய்த் திரும்புறது ஒண்ணு. சிலாவோஸ் பக்கத்துல இருந்து பித்தோன் தெ நேஜ் உச்சி இன்னொண்ணு. மூணாவது மாஃபாத்ங்கிற மலைப்பள்ளத்துக்குள்ள ஒரு நாள். எல்லாருக்கும் மாரத்தான் தூரம் பழக்கம், மருந்துவாழ் மலை ஏறி இறங்கவும் செய்வோம். நாலு மாசம் கையில இருக்கு. நம்ம மாவட்டத்துல எங்க, எப்படிப் பயிற்சி பண்ணணும்? என்ன ஷூ, எவ்வளவு தண்ணி? வட்டக்கோட்டைக் கருமணலும் எரிமலை மணல் மாதிரிதானே, அதுல ஓடிப் பழகினா போதுமா?

பாறையும் மண்ணும்:
மணலில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பயிற்சி தடம் மாறுவது அங்கேதான். வட்டக்கோட்டையிலும் மணவாளக்குறிச்சியிலும் இருக்கும் கருமணல் எரிமலையிலிருந்து வந்ததல்ல. நம் மலைகள் சார்னோகைட், கொண்டலைட் வகைப் பாறைகள். பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய மிகப் பழைய பாறை. அவை அரித்து ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போய், அலை கனமான தாதுக்களைக் கரையில் ஒதுக்குகிறது. கறுப்பு நிறம் இல்மனைட், சிவப்பு நிறம் கார்னெட். இல்மனைட் தண்ணீரைவிட நாலரை மடங்குக்கும் மேல் கனம். அதனால் அந்த மணல் நன்றாகப் படிந்து இறுகும், கால் அதிகம் புதையாது.

எரிமலைச் சல்லி இதற்கு நேர் எதிர். எரிமலைக் குழம்பு வெடித்துத் தெறிக்கும்போது உள்ளே வாயுக் குமிழிகள் சிக்கிக்கொள்வதால், ஆறிய பிறகு கல் முழுக்க ஓட்டையாக இருக்கும். 2 மி.மீ.க்குக் கீழே இருந்தால் சாம்பல், 2 முதல் 64 மி.மீ. வரை சல்லி, அதற்கு மேல் எரிமலைக் குண்டு. கொத்தனார் கணக்கில் சொன்னால், சிப்ஸில் தொடங்கி இரண்டரை இன்ச் ஜல்லி வரை எல்லாம் கலந்து கிடக்கும். ஆனால் நம் குவாரி ஜல்லி கனமாக உட்கார்ந்திருக்கும், இதுவோ பாதி எடைகூட இருக்காது. மிதித்ததும் உருண்டு ஓடும். ஏறும்போது வைத்த அடியில் பாதி பின்னால் சறுக்கும். இறங்கும்போது சரிவே உங்களோடு சேர்ந்து இறங்கும்.

ஆறிய குழம்பிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று கயிறு திரித்தது போலவோ பலகை விரித்தது போலவோ வழவழப்பாக இருக்கும். அதற்குப் பாஹோஹோ என்று பெயர். காய்ந்திருந்தால் ஷூ நன்றாகப் பிடிக்கும், ஆனால் சில இடங்களில் மேலோடு மெல்லியது, அடியில் வெற்றிடம். மற்றது ஆ-ஆ, ரீயூனியன்காரர்கள் கிராத்தோன் என்பார்கள். உடைந்த கண்ணாடி மாதிரி கூர், விழுந்தால் உள்ளங்கை கிழியும். நீங்கள் போகும் முதல் பாதையில் சல்லி, பாஹோஹோ, ஆ-ஆ மூன்றுமே வரும்.

மேப்_மாணிக்கம்:
பாதைகளைப் பற்றி. பா தெ பெல்கோம்ப் 2,311 மீட்டரில் ஒரு பாறைச் சுவரின் விளிம்பு. அங்கிருந்து 500க்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆன்க்ளோ ஃபூக்கே என்ற பெரிய பள்ளத்தின் தரை. உடனே ஃபோர்மிகா லியோ என்ற சின்னச் செம்பழுப்புக் கூம்பு. அதன் பிறகு திறந்த குழம்புவெளி. வழி காட்ட மரமோ வேலியோ இல்லை, பாறையில் அடித்த வெள்ளைப் பெயின்ட் புள்ளிகள் மட்டும்தான். மேலே டொலொமியூ பள்ளத்தைப் பார்க்கும் இடம் வரை போய் அதே வழியில் திரும்ப வேண்டும். நடப்பவர்களுக்கு நாலைந்து மணி நேரம் ஆகும்.

இதில் பலர் யோசிக்காதது கடைசிக் கட்டம். வரும்போது இறங்கிய அந்தப் படிகளைத் திரும்பும்போது ஏறித்தான் வெளியே வர முடியும். மலை ஓட்டம் என்றால் ஏற்றம் முதலில், இறக்கம் பிறகு என்றே மனம் கணக்குப் போடும். இங்கே முடிவில் ஏற்றம். தண்ணீரிலும் சாப்பாட்டிலும் ஒரு பங்கை அந்தப் படிகளுக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

பித்தோன் தெ நேஜ் வேறு குணம். இந்தியப் பெருங்கடலிலேயே உயரமான சிகரம், 3,070 மீட்டர். பல ஆயிரம் ஆண்டுகளாக அடங்கிக் கிடக்கும் எரிமலை. சிலாவோஸுக்கு மேலே லெ ப்ளோக் என்ற இடத்தில் பாதை தொடங்குகிறது, அது சுமார் 1,380 மீட்டர். காட்டுக்குள் கல்லும் மரக்கட்டையும் பதித்த படிகள், மழை பெய்தால் சேறு. 2,478 மீட்டரில் காவெர்ன் துஃபூர் குடில். அதற்கு மேல் மரம் குறைந்து மொட்டைப் பாறையும் சல்லியும். மொத்தம் ஏறக்குறைய 1,700 மீட்டர் ஏற்றம், அதே அளவு இறக்கம், ஒரே மூச்சில். முதல் எரிமலைப் பயணத்தில் இதை ஒரே நாளில் ஓடி முடிப்பதைவிட, குடிலில் இரவு தங்கி விடியலுக்கு முன் மேலே போவதுதான் நல்லது என்பேன். இடத்தைப் பல வாரம் முன்பே பதிவு செய்ய வேண்டும்.

மாஃபாத்துக்குச் சாலையே கிடையாது. நடந்து போகலாம், இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். உள்ளே சின்னச் சின்ன ஊர்கள், கடை உண்டு, ரொக்க யூரோ வைத்திருங்கள். வரைபடத்தில் தூரம் குறைவாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் நடுவில் ஓர் ஓடைப் பிளவு. இறங்கி ஏறியே கால் களைத்துப்போகும். மைதோ விளிம்பிலிருந்து ரோஷ் ப்ளாத் வரை இறங்கும் வழி சுமார் 1,000 மீட்டர் செங்குத்து. இறங்கப் பழகாதவர்கள் அந்தப் பக்கத்தை முதல் நாளில் வைக்க வேண்டாம்.

தக்கலை பிசியோ:
தோவாளைத் தம்பிக்கு. மாரத்தான் ஓடுகிறவர்களின் மூச்சு தாங்கும், தொடைதான் தாங்காது. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. சமதள ஓட்டத்தில் இந்த வேலை மிகக் குறைவு. பழகாத தசை இரண்டு மணி நேர இறக்கத்தில் நுண்ணளவில் கிழிந்து, அடுத்த இரண்டு மூன்று நாள் படி இறங்கவே விடாது. உங்கள் திட்டத்தில் மூன்று பாதையும் ஒரே வாரத்தில் இருக்குமானால், முதல் பாதை மற்ற இரண்டையும் கெடுத்துவிடும்.

நல்ல செய்தி என்னவென்றால், ஒரு கடும் இறக்கப் பயிற்சி கொடுக்கும் பாதுகாப்பு பல வாரம் நிற்கும். அதனால் மருந்துவாழ் மலையில் ஏற்றத்தை நடங்கள், இறக்கத்தைப் பயிற்சியாக வையுங்கள். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு ஒரே ஒரு முழு இறக்கம். மறுநாள் வீட்டுப் படியில் வலியில்லாமல் இறங்க முடிந்தால் மட்டும் அடுத்த வாரம் இரண்டு. இப்படிக் கூட்டி, ஒரே காலையில் நாலைந்து வரை போகலாம். கடைசிப் பெரிய இறக்கம் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு, அதோடு நிறுத்துங்கள்.

அடி சின்னதாக இருக்கட்டும். பாறையில் பாதத்தின் நடுப்பகுதி விழ வேண்டும், முட்டி எப்போதும் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். பயத்தில் பின்னால் சாய்ந்தால் குதிகால் வழுக்கும். சல்லிச் சரிவில் மட்டும் இது தலைகீழ். குதிகாலை அழுத்திப் புதைத்து, சறுக்குவதை அனுமதித்து, சறுக்கல் நிற்பதற்கு முன்பே அடுத்த காலை வைக்க வேண்டும். சறுக்கலைத் தடுக்க முயன்றால் முட்டி திருகும்.

கடியப்பட்டணம் அலை:
பிசியோ அக்கா சொன்ன அந்தச் சறுக்கலை மருந்துவாழ் மலையில பழக முடியாது, அங்க முழுக்கப் பாறையும் படியும். அதுக்கு முட்டம் பக்கத்துத் தேரி, அதாவது செம்மணல் மேடுதான் நமக்குக் கிடைச்ச இடம். மணல் தளர்வு, சரிவும் உண்டு. ஆனா ஓடை அரிச்ச விளிம்புல ஓடாதீங்க, அது பொடிஞ்சு விழும், தேரியும் கெட்டுப்போகும். உள்பக்கத்து மிதமான சரிவே போதும். சொத்தவிளைக் கடற்கரையில காய்ஞ்ச மணல்ல ஓடுறதும் நல்லது, ஆனா முதல் நாள் பத்து நிமிசத்துக்கு மேல வேண்டாம். குதிநரம்பு வீங்கிட்டா ஒரு மாசம் போயிரும். ஈர மணல்ல ஓடினா தார் ரோட்டுல ஓடுற மாதிரிதான், அதுல பயனில்ல.

தோவாளை ஓட்டக்குழு:
கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் காட்டுப் பாதையில போலாமா? மாத்தூர் தொட்டிப்பாலம் படிக்கட்டு எப்படி?

மேப்_மாணிக்கம்:
காட்டுப் பாதை வேண்டாம் மக்கா. அது வன உயிரினச் சரணாலயம், அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். யானை நடமாட்டமும் உண்டு. விடியற்காலையில் சத்தமில்லாமல் ஓடுகிறவன் யானைக்கு எதிரே போய் நிற்பான். தொட்டிப்பாலம் 115 அடி உயரம், அதாவது 35 மீட்டர். பித்தோன் தெ நேஜ் இறக்கத்துக்குச் சமமாக வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 50 தடவை இறங்க வேண்டும், அதுவும் சுற்றுலாக் கூட்டத்துக்கு நடுவில். மருந்துவாழ் மலைக்கே போங்கள். பொத்தையடிப் பக்கம் விடியலுக்கு முன் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடியுங்கள். பௌர்ணமி அன்று பக்தர்கள் கூட்டம் இருக்கும், அன்று ஓட வேண்டாம். பிள்ளைத்தடம் குகைப் பக்கம் தியானத்தில் இருப்பவர்கள் உண்டு, அங்கே நடந்து போவதுதான் மரியாதை. கையில் பாலித்தீன் பை இருந்தால் குரங்கு விடாது, முதுகுப் பைக்குள் வையுங்கள்.

ஆரல்வாய்மொழிக் காற்று:
காத்தையும் கணக்குல எடுங்க. எரிமலை விளிம்புல மரம் இல்ல, காத்து நேரா முகத்துல அடிக்கும். ஆனி, ஆடியில முப்பந்தல் பக்கம் காத்தாலை எல்லாம் ஏன் வச்சிருக்காங்கன்னு நமக்குத் தெரியும். அந்த மாசத்துல நாலுவழிச் சாலையை விட்டுட்டு உள்ள கிராமத்து ரோட்டுல எதிர்காத்துல ஓடிப் பழகுங்க. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்கு வாய்க்குத் துணி. அங்க சாம்பல் பறக்கும்போது இதே சாமான்தான் தேவைப்படும், இங்கயே போட்டு ஓடிப் பார்த்தா எது உறுத்துதுன்னு தெரிஞ்சுரும்.

ஷூவும் தையலும்:
ஷூ பற்றிக் கேட்டிருந்தீர்கள். அடியில் துருத்தி நிற்கும் பிடிமானக் கட்டைகள் 4 முதல் 5 மி.மீ. உயரம் போதும். நீளமான, மென்மையான ரப்பர் கட்டைகள் சேற்றுக்கு நல்லது, ஆனால் ஆ-ஆ பாறை அதை அரம் மாதிரி ராவிவிடும். நடுவில் கல் குத்தாத தகடு உள்ள மாடலாகப் பாருங்கள். மேல்துணி வலை மாதிரி இருந்தால் சாம்பல் உள்ளே புகும். நெருக்கமான நெசவும், விரல் நுனியில் ரப்பர் பூச்சும் வேண்டும். அரை சைஸ் பெரிதாக எடுங்கள், நீண்ட இறக்கத்தில் கட்டைவிரல் நகம் முன்னால் முட்டிக் கறுக்கும். புது ஷூவை நேராக அங்கே கொண்டுபோகாமல் இங்கே பாறையில் ஓட்டிப் பழக்குங்கள்.

ஷூவைவிட முக்கியம் கணுக்கால் உறை. உள்ளே போகும் ஒரு சல்லி பத்து நிமிடத்தில் கொப்புளம் ஆகும். கடையில் விலை அதிகம், நாகர்கோவிலில் எந்தத் தையற்காரரும் தைத்துத் தருவார். லைக்ரா துணி, 14 செ.மீ. உயரம். மேல்வாய் உங்கள் கணுக்கால் சுற்றளவைவிட 2 செ.மீ. குறைவு, கீழ்வாய் ஷூ வாயைச் சுற்றி அளந்த அளவு. துணி நீளும் திசை காலைச் சுற்றி வர வேண்டும், மேலும் கீழுமாக வெட்டினால் நழுவும். முன்னால் ஷூ லேஸில் மாட்ட ஒரு கொக்கி. பின்னால் குதிகாலில் 4 செ.மீ. வெல்க்ரோ, சொரசொரப்பான பக்கம் ஷூவில். வெல்க்ரோவைப் பசையால் ஒட்டினால் மட்டும் போதாது, ஈரத்தில் கழன்றுவிடும். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து நாலு தையல் போடுங்கள்.

மெல்லிய சைக்கிள் கையுறை ஒரு ஜோடியும் வேண்டும். ஆ-ஆ மேல் கை ஊன்றாமல் யாரும் போனதில்லை. இரண்டு ஊன்றுகோல்களும் கொண்டுபோங்கள், சல்லியில் ஏறும்போது பெரிய உதவி.

தக்கலை பிசியோ:
ஊன்றுகோலில் எனக்கு வேறு கருத்து. ஆ-ஆ பிளவில் முனை சிக்கினால் மணிக்கட்டு போகும், மாஃபாத்தின் ஏணிகளிலும் கம்பிப்பிடிகளிலும் கை இரண்டும் காலியாக இருக்க வேண்டும். அந்தத் தீவின் பெரிய பந்தயமான கிராண்ட் ரெய்டில் ஊன்றுகோலுக்குத் தடையே இருக்கிறது. 160 கி.மீ.க்கு மேல், 10,000 மீட்டர் அளவுக்கு ஏற்றம், கோலில்லாமல் போகிறார்கள். பின்னாளில் பந்தயத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் இப்போதே கோலில்லாமல் பழகுவது நல்லது.

ஷூவும் தையலும்:
பாஹோஹோவிலும் மாஃபாத்திலும் நீங்கள் சொல்வது சரி அக்கா. பித்தோன் தெ நேஜ் மேல்பகுதிச் சல்லிக்கு மட்டும் மடக்குக்கோல் என்பதில் நான் மாறவில்லை. மற்ற நேரம் பையில் கிடக்கட்டும்.

கருப்பட்டித் தண்ணி:
தண்ணீர்க் கணக்கு. 1966 ஜனவரியில் அதே ஃபூர்னேஸ் மலையின் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. மழை பெய்தது. உலக சாதனை அது. அப்படிப்பட்ட மலையிலும் குழம்புவெளியில் ஒரு சொட்டு ஊற்று இருக்காது. இளம் குழம்புப் பாறை முழுக்க ஓட்டையும் பிளவும், பெய்ததெல்லாம் நேராகக் கீழே இறங்கிவிடும். ஆகவே முழுத் தண்ணீரும் முதுகில்தான்.

எவ்வளவு என்பதற்கு உங்கள் வியர்வையை அளந்துகொள்ளுங்கள். ஓடுவதற்கு முன் ஆடையின்றி எடை, ஒரு மணி நேரம் ஓடி, துடைத்துவிட்டு மறுபடி எடை. 68 கிலோ 67.2 ஆகி, நடுவில் 400 மி.லி. குடித்திருந்தால், மணிக்கு 1.2 லிட்டர் வியர்வை. இது நம்மூர்ப் புழுக்கத்தின் கணக்கு. 2,300 மீட்டரில் குளிர்ந்த, காய்ந்த காற்று. வியர்வை தெரியாமலே ஆவியாகும், தாகமும் தோன்றாது, அதில்தான் ஏமாறுவார்கள். ஆன்க்ளோவுக்கு ஆளுக்கு 2 லிட்டர் குறைந்தபட்சம். ஓடும் நேரத்துக்குக் கணக்குப் போடாமல் நடக்கும் நேரத்துக்குப் போடுங்கள், ஏனென்றால் மூடுபனி வந்தால் நடந்துதான் திரும்புவீர்கள். லிட்டருக்கு அரைத் தேக்கரண்டிக்கும் குறைவாக உப்பு, கொஞ்சம் கருப்பட்டி, எலுமிச்சை. விமானத்தில் கருப்பட்டியையும் கடலை மிட்டாயையும் கட்டிக் கொண்டுபோகலாம். பழமும் விதையும் பெட்டியில் வைக்க வேண்டாம், தீவின் பயிர்ப் பாதுகாப்பு விதிகள் கடுமையானவை. மட்டிப்பழத்தை இங்கேயே சாப்பிட்டுக்கொள்ளுங்கள், அங்கே வாழைப்பழம் தாராளமாகக் கிடைக்கும்.

பாறையும் மண்ணும்:
ஆபத்துகளையும் சொல்லிவிடுகிறேன். ஃபூர்னேஸ் அடிக்கடி வெடிக்கும் எரிமலை. 1979 முதல் அங்கே ஆய்வு நிலையம் கண்காணிக்கிறது. நில அதிர்வு கூடினால் நிர்வாகம் ஆன்க்ளோவின் வாசலை மூடிவிடும். போகும் நாளுக்கு முந்தின மாலையும், அன்று காலையும் அறிவிப்பைப் பாருங்கள். மூடியிருந்தால் தாண்டிக் குதிக்காதீர்கள். விளிம்பை ஒட்டிப் பித்தோன் தெ பெர் பக்கம் போகும் பாதை அருமையான மாற்று, மேலிருந்தே குழம்புவெளி முழுவதும் தெரியும்.

வாயு: கந்தக டை ஆக்சைடு காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். தீக்குச்சி உரசிய வாடையோடு கண் எரிந்தால், காற்று வரும் திசை பார்த்து மேட்டுக்குப் போங்கள். ஈரத்துணி சாம்பலைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. ஆஸ்துமா உள்ளவர் குழுவில் இருந்தால் மருந்துக்குழல் அவர் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

மூடுபனி: முற்பகலிலேயே மேகம் ஏறிவிடும், வெள்ளைப் புள்ளிகள் மறையும். அடுத்த புள்ளி தெரியாவிட்டால், கடைசிப் புள்ளியில் ஒருவர் நிற்க, மற்றவர் குரல் எட்டும் தூரத்துக்குள் தேட வேண்டும். குறுக்குவழி வேண்டவே வேண்டாம், மெல்லிய மேலோடுகள் அங்கேதான். காந்த ஊசியைப் பாறை மேல் வைத்துப் படிக்காதீர்கள். எரிமலைப் பாறையில் உள்ள மேக்னடைட் ஊசியை இழுக்கும், நெஞ்சளவு தூக்கிப் பிடியுங்கள். ஜிபிஎஸ் தடத்தை முன்பே இறக்கி வையுங்கள். அவசர எண் 112.

சாமிதோப்பு சாலை:
கேட்டியளா, இதே மாதிரி இந்தோனேசியாவுல ரிஞ்சானி, கேனரித் தீவுல லா பால்மா எல்லாம் இருக்கே. ஒப்பிட்டா எது லேசு?

மேப்_மாணிக்கம்:
லேசு என்று ஒன்றுமில்லை, தரை வேறு. ரிஞ்சானி 3,726 மீட்டர். செம்பாலுன் பக்கம் பள்ள விளிம்பு முகாம் 2,639 மீட்டர், அதற்கு மேல் 1,000 மீட்டருக்கும் அதிகமாகச் சல்லிச் சரிவு. தேரிப் பயிற்சி அதற்குத்தான் முழுப் பயன். உயரமும் தாக்கும். தலைவலியோடு வாந்தி வந்தால் மாத்திரை போட்டு மேலே ஏறக் கூடாது, இறங்க வேண்டும். லா பால்மாவில் எல் பிலார் குடிலிலிருந்து தெற்கே போகும் எரிமலைப் பாதை 1,450 மீட்டரில் தொடங்கி 1,900க்கு மேல் ஏறி, பிறகு ஃபுவென்காலியெந்தே வரை நெடிய இறக்கம். கரும்சல்லி, பைன் மரம், வெயில். நடுவில் தண்ணீரை நம்ப முடியாது. 2021இல் வெடித்த தாஹோகாய்தே அதே தீவில்தான். முதல்முறை போகிறவர்களுக்கு ரீயூனியன் நல்ல தேர்வு, மூன்று வகைத் தரையும் ஒரே தீவில் கிடைக்கும். தமிழ் வம்சாவளியினர் நிறைய வாழும் தீவு வேறு, செந்தாந்த்ரே ஊரில் கோயில் பார்க்கவும் ஒரு நாள் வையுங்கள்.

தோவாளை ஓட்டக்குழு:
எல்லாருக்கும் நன்றி. வரிசை இப்படி வைக்கிறோம்: முதல் நாள் மாஃபாத், ஒரு நாள் ஓய்வு, ஆன்க்ளோ, கடைசியா பித்தோன் தெ நேஜ். சரிதானா?

தக்கலை பிசியோ:
மாஃபாத்தையும் ஆன்க்ளோவையும் இடம் மாற்றுங்கள் தம்பி. ஆன்க்ளோவில் இறக்கம் குறைவு, தொடைக்குச் சேதம் குறைவு, அது முதலில். வாசல் மூடியிருந்தால் வேறு நாளுக்குத் தள்ளவும் இடம் கிடைக்கும். பிறகு ஓய்வு, மாஃபாத், இன்னொரு ஓய்வு, கடைசியில் பித்தோன் தெ நேஜ். இங்கே ஜூன், ஜூலை மழையில் மருந்துவாழ் மலைப் பாறை வழுக்கும். அந்த வாரங்களில் தேரியும் எதிர்காற்றும் மட்டும், மலை இறக்கத்தைப் பாறை காய்ந்த நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கணுக்கால் உறையையும் கண்ணாடியையும் தேரியிலேயே போட்டு ஓடிச் சோதித்து, உரசும் இடத்தை ஆகஸ்டுக்குள் தையற்காரரிடம் சரிசெய்துவிடுங்கள்.